காலி செய்த நேரம்

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
தனக்குத்தானே மூன்று நட்சத்திரம் வரைந்துகொண்ட ஓட்டல்.
பெயர்: த. பியூலா. ஊர்: காட்பாடி.
வந்த காரியம் என்ற கட்டத்தில்
வேலை என்று மட்டும் எழுதினேன்.
"சிங்கிளா மேடம்?"
பேனாவைத் திரும்ப வாங்கிய மேனேஜர்
எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று
கண்ணாடிக் கதவை இன்னொரு தரம் பார்த்தார்.
பிறகு, பாதுகாப்புக்காம்,
லிப்டை ஒட்டிய அறையைக் கொடுத்தார்.

இருநூற்று நாலு.
தயவுசெய்து கதவைச் சாத்துங்கள் என்று
லிப்ட் தெலுங்கில் கெஞ்சிக்கொண்டே இருந்தது.
யாரும் சாத்தவில்லை.
ரிமோட்டுக்கு முதுகு இல்லை,
ரப்பர் பேண்டு பேட்டரியைப் பிடித்திருந்தது.
ஜன்னலைத் திறந்தால்
கையெட்டும் தூரத்தில் அடுத்த கட்டிடத்தின் ஜன்னல்,
அதுவும் திறக்கப் பயந்தது.

கட்டிலில் பகலைப் பரப்பினேன்:
எரிந்த கிடங்கின் அறுபத்து மூன்று படங்கள்.
நெளிந்த தகடு, கரிந்த பலகை,
கறுத்து வாய் பிளந்த டின்கள்.
கிளிமூக்கு மாம்பழக் கூழ், டின் பதினோராயிரத்து நானூறு,
நஷ்டம் என்று முதலாளி கேட்கும் தொகைக்கு
என் கால்குலேட்டரில் இடம் போதவில்லை.
இரண்டு தரம் அலசியும்
தலைமுடியில் பெயிண்ட் தீய்ந்த நாற்றம்.
வெல்லம் தீய்ந்த நாற்றம் இல்லை.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"தலகாணி கேட்டிங்களே."
ரெட்டெம்மா என்று சட்டையில் குத்தியிருந்தது.
மாம்பால் பட்டு வெந்த விரல் நுனிகள்.
உறையை உதறியவள் படத்தைப் பார்த்துவிட்டாள்.
"இதி மா ஷெட்டு," பிறகு எனக்காக, "எங்க ஷெட்டு.
இந்தத் தூணுகிட்ட குந்திதான் கொட்டை எடுப்பேன்."
நான் ஒன்றும் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை.
ஆறுதல் போல அவளே சொன்னாள்:
"நல்லவேளை மேடம், முந்தின ராத்திரியே
ரெண்டு லாரி லோடு போயிடுச்சு.
வெந்ததெல்லாம் காலி டின்னு."

தலையணையின் நான்கு மூலையையும்
உறைக்குள் குத்தி நிரப்பினாள்.
"மூணு மாசக் கூலி நிக்குது, முப்பத்தெட்டு பேருக்கு.
இன்சூரன்ஸ் வந்தா ஒரு பைசா பாக்கி வைக்கமாட்டேன்னு
சாமி மேல சத்தியம் பண்ணாரு சாரு.
அவங்க எப்ப வருவாங்க மேடம், தெரியுமா?"

சீக்கிரம் வருவாங்க, என்றேன்.
வந்து
அவள் உறை போட்ட தலையணையில்
கண்ணைத் திறந்தபடி படுத்துக்கிடந்தது
விடியும்வரை.

படிவத்தில் சரக்குக்குக் கட்டம் உண்டு,
தேய்மானத்துக்கு உண்டு,
கரியில் விலை போவதற்கும் உண்டு.
முப்பத்தெட்டு என்று ஓரத்தில் எழுதினேன்,
அழித்தேன், மறுபடி எழுதினேன்.
லிப்ட் கெஞ்சியது.

வெந்நீர் ஆறிலிருந்து எட்டு என்றார்கள்,
ஏழு ஐம்பதுக்கு ஒரு வாளி வெதுவெதுப்பு.
கட்டிலில் இருநூறு ரூபாய் வைத்தேன்.
இது டிப்ஸா, வேறு எதற்காவது கூலியா?
எடுத்தேன். படியிறங்கிய பிறகு
திரும்பி ஏறி வைத்தேன்.
அழுக்குத் துணி மூட்டையோடு எதிரே வந்தவள்
"மள்ளி ரண்டி மேடம்" என்று சிரித்தாள்.

மேனேஜர் பதிவேட்டைத் திருப்பினார்.
காலி செய்த நேரம்.
தெலுங்கில் நான் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் சொல் காலி.
இரண்டு பாஷைக்கும் அது ஒன்றுதான்.
எட்டே கால் என்று போட்டேன்.
போகும் ஊர்? விரலால் தட்டினார்.
பைபாஸ் எடைமேடை, என்று எழுதினேன்.
"அது ஊர் இல்லியே மேடம்."
இல்லைதான்.
முன்பணத்தில் மீதி இருநூற்றைம்பதை
எச்சில் தொட்டு எண்ணி வைத்தார்.
ரசீது கேட்டு வாங்கிக்கொண்டேன்.